பந்து தானாக விழுந்த வருஷம்

கடைசிப் பந்து ஒன்றும் பிரமாதமான பந்து இல்லை. வலைக்கு அந்தப் பக்கம் எம்பிய பையன் ஓங்கி அடிக்கப் போவதாகப் போக்குக் காட்டிவிட்டு, விரல் நுனியால் லேசாகத் தள்ளிவிட்டான். அது வலையைத் தாண்டி, அவசரமே இல்லாமல் மிதந்து, பின்வரிசையில் ஓலோமுவாவுக்கும் அலெசானாவுக்கும் நடுவில் இறங்கியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட எடுத்துவிடுகிற பந்து.

அலெசானா எடுக்கத்தான் கிளம்பினான். இருபது வயது, அணியில் அவனைவிட வேகமான கால் யாருக்கும் கிடையாது. பாய்ந்து வந்து, "எனக்கு!" என்று கத்த வாயையும் திறந்துவிட்டான். அப்போதுதான் கேப்டன் ஓலோமுவா திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தார்.

திறந்த வாய் மூடிக்கொண்டது. ஓடி வந்த கால் நின்றது. ஓலோமுவா தன் முப்பத்தைந்து வயது முழங்காலை வளைத்துக் குனிவதற்குள் பந்து இருவரின் காலடியிலும் தொப்பென்று விழுந்து, எழும்பி, நடுவர் நாற்காலிப் பக்கம் உருண்டு போனது. ஆட்டம் முடிந்தது. சமோவா தோற்றது.

அதுவும் யாரிடம்? கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அமெரிக்க சமோவாவிடம். சொந்த மச்சான்களிடம். வேறு எந்தத் தீவிடம் தோற்றாலும் ஒரு வாரம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டு மறந்துவிடலாம். மச்சான்களிடம் தோற்றால் கல்யாணம், சாவு, சர்ச் திறப்பு விழா என்று போகிற இடமெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். தீவுகள் கைப்பந்துக் கோப்பைக்கு முன்னால் சும்மா கைப்பழக்கத்துக்கு வைத்த ஆட்டம்தான் இது. ஆனால் அந்தச் சமாதானமெல்லாம் அப்பியா அரங்கத்தில் அன்றைக்கு யார் காதிலும் ஏறவில்லை.

உடை மாற்றும் அறையில் பயிற்சியாளர் விலியாமு கதவைச் சாத்தினார். ரத்தம் சமோவா ரத்தம். பிறந்து வளர்ந்தது ஆக்லாந்து. அதனால் எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் கேட்கக்கூடாத கேள்விகளையெல்லாம் அவர் கூசாமல் கேட்பார்.

"அது யாரு பந்து?"

 எல்லோரும் தரையில் எதையோ தொலைத்தவர்கள் போலக் குனிந்திருந்தார்கள். ஓலோமுவா முழங்காலில் கட்டிய உறையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்கப்பா. பந்து என்ன, அநாதையா?"

"என் தப்புதான் கோச்," என்றான் அலெசானா. "கத்தியிருக்கணும்."

"ஏன் கத்தல? வாயில என்ன, கிழங்கு வச்சிருந்தியா?"

 ஓலோமுவா தலை நிமிர்ந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான் பார்த்தேன், அதனால் நின்றான். அவ்வளவுதான். அது நாக்கு நுனி வரை வந்தது. உறையின் முடிச்சு அவிழ்ந்தது. அதோடு அவர் அந்த வாக்கியத்தை மென்று முழுங்கிவிட்டார்.

மறுநாள் காலைப் பயிற்சியில் விலியாமு அணியைச் சொன்னபோது அலெசானாவின் பெயர் அதில் இல்லை. கத்தத் தெரியாதவன் கோப்பைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பையன் அங்கேயே நின்று ஒரு கணம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டி, போகிற வழியில் ஓலோமுவாவைக் கடக்கும்போது, பெரியவர்கள் முன்னால் போகும்போது குனிய வேண்டிய அளவுக்குக் குனிந்து, "துலோ," என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான். அந்தக் குனிதல் ஓலோமுவாவை அறைந்தது மாதிரி இருந்தது.

அவர் எப்போதும் ஓலோமுவாவாக இருந்தவர் இல்லை. சில மாதங்களுக்கு முன்பு வரை வெறும் பெனி. பெரியப்பா இறந்ததும் குடும்பம் கூடி, ஓலோமுவா என்ற மத்தாய் பட்டத்தை இவருக்குக் கட்டியது. சபையில் கோலூன்றி நின்று குடும்பத்துக்காகப் பேசுகிற பட்டம். அதற்கு முன்னால் களத்தில் பயல்கள் அவரை என்னென்ன பேச்சுப் பேசியிருக்கிறார்கள்! "பெனி, தள்ளு, எனக்கு!" "அண்ணே, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" அலெசானாவே ஒருமுறை அவரை இடித்துக் கீழே தள்ளிவிட்டுப் பந்தை எடுத்து, "கெழவா, எந்திரி," என்று கை கொடுத்துத் தூக்கியிருக்கிறான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும்தான்.

பட்டம் வந்த மறுநாளே அதெல்லாம் நின்றுபோயிற்று. யாரும் பேசி முடிவு செய்யவில்லை. "பெனி அண்ணே" போய் "ஐயா" வந்தது. மத்தாய் ஒருவரைப் பார்த்துத் தள்ளு என்று கத்த எங்கள் ஊரில் பெற்ற பிள்ளைக்கே வாய் வராது. அவரைச் சுற்றிக் களத்தில் ஒரு அமைதி உண்டாயிற்று. அந்த அமைதிக்குள் வருகிற பந்தெல்லாம் அவருடையது. அவர் எடுத்தால் உண்டு. ஆட்டத்துக்கு ஒன்றிரண்டு பந்து இப்படி விழுந்துகொண்டுதான் இருந்தது. காற்று, வெளிச்சம், ராசி என்று ஆளுக்கு ஒரு சப்பைக்கட்டு. உண்மை என்னவென்றால், அந்த அமைதி ஓலோமுவாவுக்குப் பிடித்திருந்தது. உச்சி குளிர்ந்துபோயிருந்தார் மனிதர். அதனால்தான் அன்றைக்கு ஒரு பொடியன் தன் பக்கம் பாய்ந்து வந்தபோது பந்தைப் பார்க்காமல் பையனைப் பார்த்தார்.

வீட்டில் மனைவி லாங்கியிடம் மட்டும் இதைச் சொன்னார். அவள் ஒருத்திதான் இன்னமும் அவரைப் பெனி என்று கூப்பிடுகிறவள்.

"அந்தப் பையன் ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போறானாம், தெரியுமா?" என்றாள். "சந்தையில அவங்கம்மா சொன்னா. அணியில இருப்போம்னு நெனச்சு வேணாம்னு சொல்லியிருந்தானாம். இப்ப சரின்னுட்டானாம். அடுத்த வாரம் பிளேன்."

"போய்ட்டு வரட்டும். சின்ன வயசு."

"வருவான். வந்தப்புறம் அவன என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க பெனி?"

அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். ஏனென்றால் அந்தப் பெயரை வைக்கப் போகிறவரே அவர்தான்.

எங்கள் கைப்பந்து அணிக்கு எழுதி வைத்த சரித்திரம் கிடையாது. சொல்லி வைத்த சரித்திரம்தான். ஒவ்வொரு பெரிய போட்டிக்கும் முன்னால் அணி முழுவதும் பாயில் வட்டமாக உட்காரும். ஆவா பானம் கரைத்து, கிண்ணம் ஒவ்வொருவராகச் சுற்றி வரும். அப்போது கேப்டன் எழுந்து அணியின் கதையை ஆதியிலிருந்து சொல்ல வேண்டும். இரண்டு ஈரப்பலா மரங்களுக்கு நடுவே மீன் வலையைக் கட்டி ஆடிய முதல் ஆட்டம். சாயங்கால ஜெப நேரத்துக்குச் சங்கு ஊதியதும், பந்து காற்றில் இருக்கும்போதே எல்லோரும் களத்தில் உட்கார்ந்து, ஜெபம் முடிந்தபின் அந்தப் பந்து யாருடையது என்று பொழுது சாயும்வரை சண்டை போட்ட கதை. முதன்முதலாக வெளிநாடு போன அணியின் கதை: எதிரணியில் ஒருவர் போதகர். போதகர் இருக்கிற திசையில் பந்தை ஓங்கி அடிக்க நம் ஆட்கள் ஒருவருக்கும் கை வரவில்லை. இதைக் கண்டுகொண்ட எதிராளிகள் அவரை எங்கே அடி விழும் என்று தோன்றுகிறதோ அங்கெல்லாம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நம்மவர்கள் எல்லா செட்டையும் பக்தியோடு தோற்றுவிட்டு வந்தார்கள்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சரித்திரத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஜெயித்த வருஷங்களில் அணி ஜெயித்தது என்போம். தோற்ற வருஷங்களுக்கு ஆள் பெயர் வைப்போம். "வெலேசே வலையில் அடித்த வருஷம்" என்று ஒன்று இருக்கிறது. வெலேசே செத்துப்போய் எத்தனையோ காலமாகிவிட்டது. அவர் பேரன் அப்பியாவில் ஒரு வங்கியில் உட்கார்ந்திருக்கிறான். இன்றைக்கும் வருகிறவர்கள், "நீ வலையில அடிச்சவர் பேரன்தான?" என்று கேட்டுவிட்டுத்தான் வந்த வேலையைச் சொல்வார்கள்.

இந்த வருஷத்துக்கு என்ன பெயர் என்று பயல்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள். "அலெசானா நின்ற வருஷம்." வேடிக்கைக்காரன் மட்டாயோ, முன்வரிசையில் ஆடுகிற நெட்டையன், பஸ்ஸில் அதை ராகம் போட்டே பாடிவிட்டான். சனிக்கிழமை ஆவா. அதில் ஓலோமுவா ஒருமுறை சொல்லிவிட்டால் அது கல்லில் வெட்டினது மாதிரி.

சனிக்கிழமை வந்தது. கைப்பந்துச் சங்கத்து அதிகாரிகள், பழைய ஆட்டக்காரர்கள், ஒரு போதகர் என்று பெரிய வட்டம். ஓலோமுவா தோளில் பேச்சாளருக்குரிய ஈயோட்டியைப் போட்டு, கோலை ஊன்றி எழுந்தார். ஈரப்பலா மரத்திலிருந்து தொடங்கி, வெலேசேயைக் கடந்து, இந்த வருஷத்துக்கு வந்தார். சொல்லிவிடுவது என்றுதான் வந்திருந்தார்.

"பெருமக்களே, இந்த வருஷத்துப் பந்து அலெசானாவின் முன்னால் விழவில்லை. இந்த எளியவனின் காலடியில் விழுந்தது. குற்றம் அந்தப் பிள்ளையினுடையது அல்ல. குற்றம் இந்தத் தேய்ந்த முழங்காலினுடையது. குற்றம் இந்த அறிவற்ற தலையினுடையது. நம் முன்னோர் ஆடிய மண்ணில் நிற்க இந்தப் புழுதிக்குத் தகுதி இல்லை..."

"மாலியே! மாலியே!" என்று வட்டம் முழுக்க ஆரவாரம் எழுந்தது. அருமை, அருமை! போதகர் தலையை ஆட்டி ரசித்தார். ஒரு பழைய ஆட்டக்காரர் தொடையில் தட்டினார்.

அப்போதுதான் ஓலோமுவாவுக்கு உறைத்தது. எங்கள் சபைகளில் எந்தப் பேச்சாளன் தன்னைப் புழுதி என்று சொல்லிக்கொள்ளாமல் பேசியிருக்கிறான்? விருந்து கொடுக்கிறவன் பட்டினி போட்டேன் என்பான். பத்துப் பன்றி கொண்டுவந்தவன் வெறுங்கையோடு வந்தேன் என்பான். அது முறை. அவர் உண்மையைச் சொன்னார்; எல்லோரும் முறையைக் கேட்டார்கள். இளையவனின் குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்கிற பெருந்தன்மையைக் கேட்டார்கள். விலியாமுவே கண்கலங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆக்லாந்துல இந்த மாதிரி ஒரு பேச்ச நான் கேட்டதே இல்லைங்க. தப்புப் பண்ணின பையனுக்காக ஒரு கேப்டன் இப்படிப் பேசறதுன்னா..."

"இல்ல விலியாமு, நான் நெஜமாவே..."

"போதும் ஐயா, போதும். இதுக்கு மேல உங்களத் தாழ்த்திக்காதீங்க."

லாங்கி பின்னால் பெண்களோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.  வீட்டுக்கு வந்ததும் காதுப்பூவைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"முழங்கால் பேரச் சொன்னே. தலை பேரச் சொன்னே. கண்ணு பேரச் சொன்னியா?"

அவர் ஈயோட்டியைச் சுவரில் மாட்டப் போனார்.

"அத்தன அலங்காரத்துல அந்த ஒண்ண மட்டும் விட்டுட்டியே பெனி. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அது அவருக்கே தெரியும். நாக்கு எல்லாப் பக்கமும் போய்விட்டு அந்த ஓர் இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்ததும் வெள்ளைச் சட்டையோடேயே மைத்துனனின் வண்டியை வாங்கிக்கொண்டு அலெசானாவின் கிராமத்துக்குப் போனார். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மத்தாய் வாசலில் வந்து இறங்கினால் ஒரு வீடு என்ன பாடுபடும்! அவன் அப்பா நல்ல பாயை விரித்துத் தூணோரம் உட்காரவைத்தார். அம்மா பதறிப்போய்ப் பக்கத்து வீட்டில் சாப்பாடு கேட்டு வாங்கி வரப் பெரிய பிள்ளைகளை விரட்டினாள். இலையில் பொதிந்து வேகவைத்த கீரைப் பலுசாமியும், சுட்ட ஈரப்பலாவும், தேங்காய்ப் பாலில் ஊறிய பச்சை மீனும் அவர் முன்னால் வந்தன. வீட்டார் சாப்பிடவில்லை. அவர் சாப்பிட்டு முடித்தபின்தான் அவர்கள் சாப்பிடுவார்கள். அலெசானா சற்றுத் தள்ளி உட்கார்ந்து, அவர் சாப்பாட்டில் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டே இருந்தான்.

அவன் அப்பா வேறு சும்மா இருக்கவில்லை. "சபையில எங்க பையனுக்காகப் பேசினீங்களாம். ஊரே பேசுது. எங்க குடும்பம் இத மறக்காது ஐயா. இவன்தான் முட்டாப் பய. வாயத் தொறக்க வேண்டிய எடத்துல தொறக்கத் தெரியாது."

ஒவ்வொரு கவளமும் ஓலோமுவாவுக்கு முள்ளாக இறங்கியது. சாப்பாடு முடிந்தது. அப்பா, விருந்தாளி கை கழுவப் பையன் தண்ணீர் கொண்டுவரட்டும் என்று கண் காட்டிவிட்டு, பின்கட்டுக்கு எழுந்து போனார். அலெசானா தண்ணீர்க் கிண்ணத்தை இரு கையாலும் ஏந்தி, தோளில் துண்டோடு, முன்னால் வந்து உட்கார்ந்தான். ஓலோமுவா விரல்களைத் தண்ணீரில் விட்டார். இருவர் தலையும் கிட்டத்தட்ட முட்டிக்கொள்கிற தூரத்தில் இருந்தன.

"அலெசானா."

"ஐயா."

"அன்னிக்கு நீ வாயத் தொறந்தே. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் மொறச்சேன்."

 தண்ணீர் கொஞ்சம் பாயில் சிந்தியது.

"என் பந்த இந்தப் பொடியன் எடுக்கறதான்னு தோணுச்சு. அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல. கோச் கேட்டப்ப உக்காந்து முடிச்ச அவுத்துக்கிட்டிருந்தேன். நேத்துச் சபையில சொல்லப் போயி, பேச்சுப் பேசிட்டு வந்துட்டேன். மொறச்சத சொல்லல."

"தெரியும் ஐயா," என்றான் அவன், தண்ணீரைப் பார்த்தபடியே.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"என்னன்னு சொல்றது? ஐயா என்னப் பாத்தாருன்னா? அப்படி நீ என்னடா பண்ணினேன்னுதான் அப்பா கேப்பாரு."

"நாளைக்கே கோச்சுகிட்ட சொல்றேன். அலங்காரம் இல்லாம சொல்றேன். உன்னத் திரும்ப எடுத்துக்குவாரு. நீ பிளேன் ஏறாத."

அலெசானா துண்டை நீட்டினான்.  பிறகு, சொல்லலாமா கூடாதா என்று தயங்கித் தயங்கி, தரையைப் பார்த்துச் சொன்னான்.

"எடுத்தாலும் திரும்ப அதேதான் ஐயா நடக்கும். நீங்க மொறைக்கவே வேணாம். நீங்க பக்கத்துல நின்னாலே எனக்கு வாய் வராது. முயற்சி பண்ணிப் பாத்தேன். தோட்டத்துல தனியா நின்னு கத்திப் பாத்தேன். தென்ன மரத்தப் பாத்துக் கத்த வருது. அது நீங்கன்னு நெனச்சுக்கிட்டா தொண்ட அடைச்சுக்குது." கொஞ்சம் நிறுத்தினான். "மன்னிச்சுக்குங்க ஐயா."

மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் ஓலோமுவா மன்னிப்பை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையன் கோபப்பட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். தூ என்று துப்பியிருந்தால்கூடத் துடைத்துக்கொண்டு போயிருக்கலாம். அவன் தன் தொண்டையைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தான். உண்மையைச் சொல்லிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு வந்த மனிதருக்கு, அது தொடக்கம்கூட இல்லை என்று அப்போது புரிந்தது. இருவரில் ஒருவர்தான் அந்தக் களத்தில் நிற்க முடியும்.

பன்னிரண்டு வருஷம் ஆடிய அணி. கல்யாணத்துக்கு முந்தின நாள்கூடப் பயிற்சிக்கு வந்தவர் அவர். அன்று சாயங்காலம் முழுவதும் கடற்கரையில் உட்கார்ந்து, வேறு வழி இருக்கிறதா என்று யோசித்தார். பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தால்? குடும்பம் தலையில் கட்டியதை ஒரு பந்துக்காகக் கழற்றி வைக்க முடியாது. பின்வரிசைக்குப் பதில் முன்வரிசையில் நின்றால்? அங்கே மட்டாயோவின் வாய் மூடிக்கொள்ளும். எந்தப் பக்கம் நின்றாலும் அந்த அமைதியையும் கூட்டிக்கொண்டுதான் போவார்.

திங்கட்கிழமை விலியாமுவிடம் போனார். கோல் இல்லை, ஈயோட்டி இல்லை.

"அந்தப் பையன் எடுக்க வந்தான். நான் மொறச்சேன். நின்னுட்டான்."

விலியாமு புன்னகையோடு தொடங்கினார். "ஐயா, சனிக்கிழமையே நீங்க..."

"சனிக்கிழமை பேசினது பேச்சு. இது நடந்தது. நான் மொறச்சேன்யா. இந்தக் கண்ணால."

அந்தப் புன்னகை மெல்ல மெல்ல மறைந்தது. 

"நான் ஒரு பையன அத்தன பேரு முன்னால அழ வச்சு அனுப்பினேன்," என்றார். "நீங்க அங்கயே உக்காந்திருந்தீங்க."

"ஆமா."

"அவனக் கூப்பிடறேன். ஆனா நீங்க களத்துக்கு வரும்போது அந்தப் பட்டத்தக் கழட்டி வெளிய வச்சுட்டு வாங்க."

"அது சட்டையா விலியாமு, கழட்டி வைக்க? நான் இருந்தா அவன் வாய் தொறக்காது. எவன் வாயும் தொறக்காது. நான் நின்னுக்கறேன். என் எடத்துல அவனப் போடு."

விலியாமு வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்வார் என்று ஓலோமுவாவின் மனசு ஓர் ஓரத்தில் ஆசைப்பட்டது. அந்த ஆசைக்காகவும் அவர் வெட்கப்பட்டார்.

உண்மையை எல்லோரிடமும் சொல்லச் சொல்லித்தான் ஓலோமுவா சங்கத்தைக் கேட்டார். சங்கம் கேட்குமா? இளைஞனுக்கு வழிவிட்டு ஒதுங்கிய பெருந்தகை என்று வானொலியில் அறிவித்துவிட்டார்கள். போதகர் அடுத்த ஆராதனையில் தாழ்மையைப் பற்றிப் பிரசங்கம் செய்து, இவர் பக்கம் கையைக் காட்டினார். சந்தையில் மீன்காரி நல்ல மீனாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொருவரிடமும் அவர், "அப்படியில்ல, நான் ஒரு தப்புப் பண்ணினேன்," என்று தொடங்குவார். கேட்கிறவர்கள் உருகிப்போவார்கள். ஒரு கட்டத்தில் அவர் தொடங்குவதையே விட்டுவிட்டார்.

கேப்டன் மாறினால் ஆவா மறுபடி வைக்க வேண்டும். புதுக் கேப்டன் கதையை ஆதியிலிருந்து சொல்ல வேண்டும். புதுக் கேப்டன் மட்டாயோ. ஓலோமுவா முந்தின நாளே அவனைத் தேடிப் போனார்.

"நாளைக்கு இந்த வருஷத்துக்கு வரும்போது ‘ஓலோமுவா முறைத்த வருஷம்’னு சொல்லு."

"ஐயா, என்ன வாழ விடுங்க," என்று மட்டாயோ இரண்டு கையையும் தூக்கினான். "எங்கம்மா உங்க கிராமம். அப்படி ஒரு வார்த்த என் வாயில வந்துச்சுன்னா, விறகுக் கட்டையாலயே அடிச்சுக் கொன்னுடும்."

"அப்ப அலெசானா பேரச் சொல்லப் போறியா?"

"சேச்சே. அது எப்படிச் சொல்றது, கோச் எங்ககிட்ட எல்லாத்தையும் சொன்னப்புறம்?"

கோப்பையின் முதல் நாள் காலை மட்டாயோ எழுந்து நின்று சொன்னான். ஈரப்பலா மரம், சங்கு, போதகர், வெலேசே வலையில் அடித்த வருஷம். எல்லாப் பெயரும் வரிசையாக வந்தன. கடைசியில் இந்த வருஷத்துக்கு வந்தான். தொண்டையைச் செருமினான். "பந்து விழுந்த வருஷம்," என்று சொல்லிவிட்டுச் சட்டென்று உட்கார்ந்துவிட்டான்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. எங்கள் அணியின் சரித்திரத்தில் தானாக விழுந்த ஒரே பந்து அதுதான். செத்துப்போன வெலேசேவுக்குக்கூடக் கிடைக்காத சலுகை. பட்டத்துக்குக் கிடைத்த மரியாதைகளிலேயே ஓலோமுவாவால் தாங்க முடியாமல் போனது இந்த மரியாதைதான். வட்டம் கலைந்தபின்னும் பாயைவிட்டு எழ அவருக்கு மனம் வரவில்லை.

அலெசானா அணிச் சட்டையோடு வந்து அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"ஐயா, ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுடா."

"இன்னிக்கு... உள்ள வராதீங்க."

 ஒரு மத்தாயிடம் இப்படிக் கேட்க அவன் எத்தனை நாள் ஒத்திகை பார்த்தானோ.  முன்வரிசை நாற்காலிக்குச் சங்கம் அழைத்திருந்தது. லாங்கி புதுச் சட்டை தைத்து வைத்திருந்தாள்.

"சரி," என்றார். "வரல."

வரமாட்டேன் என்றுதான் சொன்னார். ஆனால் வீட்டில் இருக்கவும் முடியவில்லை. ஆட்டம் தொடங்கியபின் அரங்கத்தின் பின்பக்கச் சுவர் ஓரமாக, இளநீர் விற்கிற அம்மாளின் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். உள்ளே காலணிகள் கிறீச்சிடுவதும், பந்து கைகளில் பட்டுத் தெறிப்பதும், கூட்டம் மூச்சுப் பிடிப்பதும் விடுவதுமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. யார் கை, யார் கால் என்று ஒன்றும் தெரியவில்லை.

இளநீர்க்காரி அவரை அடையாளம் கண்டுகொண்டாள்.

"என்னங்கய்யா, இங்க நிக்கறீங்க? உள்ள ஆடறது உங்க ஆளுங்கதான? வாசல்ல போய் நின்னா போதும், தூக்கிட்டுப் போய் முன்னால உக்கார வைப்பாங்களே."

அவர் வாய் திறப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் வெடித்தது.

"எனக்கு! எனக்கு! தள்ளு!"

அடுத்து பந்து எடுபடுகிற சத்தம். பிறகு அரங்கமே எழுந்து கத்தியது. ஓலோமுவா சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். எவ்வளவு பெரிய குரல்! இத்தனை மாதமும் இதையா அந்தப் பையன் உள்ளேயே வைத்துக்கொண்டு நின்றான்?

"யாருங்க அது?" என்று இளநீர்க்காரி முகத்தைச் சுளித்தாள். "பெரியவங்க உக்காந்திருக்கற எடத்துல இப்படியா கத்துவாங்க?"

"எங்க பையன்தான்," என்றார். "நான் உள்ள போனா அந்தச் சத்தம் நின்னுடும்மா."

அவள் கத்தியைக் கையில் பிடித்தபடியே அவரை ஏற இறங்கப் பார்த்து, மரியாதையாகச் சிரித்தாள். "பெரிய மனுசங்க எப்பவுமே தன்னத் தாழ்த்தித்தான் பேசுவீங்க," என்று சொல்லிவிட்டு, நல்ல காயாகப் பார்த்துச் சீவத் தொடங்கினாள்.